சிங்கத்தை அவிழ்த்துவிடுங்கள்!

கே: மாவட்டப் போட்டியில் ஜெயித்த எங்கள் கபடிப் பையனுக்கு போஸ்டர் போடுகிறோம். பின்னால் நெருப்பு, மின்னல், சிங்கம் மூன்றில் எதை வைக்கலாம்?
(பயிற்சியாளர், ஒட்டன்சத்திரம்)

ப: பையனை வையுங்கள். மூன்றையும் போட்டால் அவன் நாலாவது ஆளாகிவிடுவான். சிங்கம் கபடி ஆடி நான் பார்த்ததில்லை. மண் தரையில் ஆடுகிறவன் என்றால் முட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் துடைக்காமல் படம் எடுங்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும் போட்டோஷாப்பில் அந்த மண்ணை அப்படிக் கொண்டுவர முடியாது.

கே: வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ போனில் பளிச்சென்று இருக்கிறது. பத்தடி பிளெக்ஸில் முகம் கட்டம் கட்டமாக உடைகிறதே?
(பிளெக்ஸ் கடைக்காரர், ஆத்தூர்)

ப: வாட்ஸ்அப் எந்தப் படத்தையும் சுருக்கித்தான் அனுப்பும். ஒரிஜினலை ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். கையில் பிடித்துப் பார்க்கிற ஏ3 போஸ்டர் என்றால் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். தூரத்தில் நின்று பார்க்கும் பிளெக்ஸுக்கு 72 போதும். அந்தக் கணக்கிலேயே பத்தடிக்கு 8,640 பிக்சல் ஆகிறது. குரூப் போட்டோவில் மூணாவது வரிசையில் நிற்கிறவன் தலையை வெட்டி எடுத்து கட்அவுட் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

கே: என் மகள் சிலம்பம் சுற்றினால் கம்பே கண்ணுக்குத் தெரியாது. போட்டோவிலோ துணி காயப்போடும் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருக்கிறாள்.
(ஒரு தந்தை, திருபுவனம்)

ப: எடுத்தவர் ஷட்டரை 1/1000 வினாடியில் வைத்திருப்பார். ஓட்டத்துக்கு அது சரி, சிலம்பத்துக்கு அது எமன். கம்பு காற்றிலேயே உறைந்துவிடும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி 1/30க்கு இறக்கச் சொல்லுங்கள். பொழுது சாய்ந்த பிறகு, பின்னால் கருப்புத் துணி, பக்கவாட்டில் ஒரு விளக்கு. ஷட்டர் மூடுகிற நேரத்தில் பிளாஷ் அடிக்கும்படி ‘ரியர் கர்ட்டன்’ வைத்துவிட்டால், கம்பு விசிறியாக விரியும். கடைசியில் அடிக்கிற பிளாஷில் முகம் கூர்மையாக நிற்கும். முதல் சில படங்கள் பாழாகும், பாப்பா சலித்துக்கொள்வாள், அதற்கு ஐஸ்கிரீம் உண்டு. கேமரா அவள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். நாம் நின்றபடி குனிந்து எடுத்தால் வீராங்கனை குள்ளமாகத் தெரிவாள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. போஸ்டர்களில் மட்டும் இன்னும் கம்பு சுற்றவே இல்லை.

கே: மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். வெயிலில் ரொம்பக் கருத்துவிட்டாள். கொஞ்சம் கலர் ஏற்றச் சொன்னால் டிசைனர் முறைக்கிறார்.
(ஒரு தாய், கோவில்பட்டி)

ப: முறைத்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த நிறம் அவள் ஓடிச் சம்பாதித்தது தாயே! பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு, முன்னால் மங்கலாக ஒன்று வைத்துப் பாருங்கள். கருத்த தோளில் வியர்வை மின்னும். கன்ன எலும்பும் கெண்டைச் சதையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். வெளுக்கவைத்தால் எல்லாம் ஒரே சமமாகி முகப்பவுடர் விளம்பரமாகிவிடும். பருவை எடுக்கலாம், அடுத்த வாரம் அதுவே போய்விடும். தழும்பைத் தொடக் கூடாது.

கே: ஸ்பான்சர் தன் படத்தைத்தான் பெரிதாகப் போடச் சொல்கிறார்.
(அதே ஊர் டிசைனர்)

ப: அவரையும் 400 மீட்டர் ஓடச் சொல்லுங்கள்.

கே: செஸ் ஆடும் பையனுக்கு என்ன போஸ்டர் போடுவது? சதையும் இல்லை, வியர்வையும் இல்லை.
(பள்ளி ஆசிரியர், மாமல்லபுரம்)

ப: கண் இருக்கிறதே! 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது, அழுகையோடு காய்களைப் பழையபடி அடுக்கிவைத்தார். எந்த டிசைனரும் யோசித்து வைத்த போஸ் இல்லை அது. காத்திருந்து எடுங்கள். ஒரு எச்சரிக்கை: லே-அவுட்டுக்குத் தோதாகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடாதீர்கள். வலக்கை மூலையில் இருக்க வேண்டிய வெள்ளைக் கட்டம் இடக்கைக்குப் போய்விடும், ராஜாவும் ராணியும் இடம் மாறி நிற்பார்கள். அவனோடு ஆடுகிற பொடியன்களே சிரிப்பார்கள்.

கே: பெயர், வகுப்பு, அப்பா செல் நம்பர் எல்லாம் போட்டு முச்சந்தியில் கட்டலாமா?
(விளையாட்டு மன்றச் செயலாளர், மேலூர்)

ப: பெயர், விளையாட்டு, ஜெயித்தது எது என்ற மூன்றும் போதும். சின்னப் பிள்ளை படத்துக்குக் கீழே செல் நம்பர் வேண்டவே வேண்டாம். படம் போடும் முன் பெற்றோரிடம் சம்மதம் கேளுங்கள். முச்சந்தி ஆசையையும் விடுங்கள். 2019இல் பள்ளிக்கரணையில் சாலையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனது. மைதானத்துச் சுவரில் கட்டி, விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். அந்தப் பிளெக்ஸ் எப்படியும் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகத்தான் போகப்போகிறது. அதே டிசைனை நல்ல தாளில் ஏ3 அளவில் பிரிண்ட் எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.