நன்னூல் நோக்கில் பேரூராட்சிப் பதில்கள்: ஓர் ஆய்வு

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துவைத்து ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எவரும் இந்தப் பதினான்கையும் ஒருமுறையாவது மனப்பாடம் செய்திருப்பார்கள். தேர்வு முடிந்த மறுநாள் மறந்திருப்பார்கள். மறக்காமல் இன்றளவும் அன்றாடப் புழக்கத்தில் வைத்திருப்பவை நம் பேரூராட்சி அலுவலகங்கள் மட்டுமே என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறைகள் இதைக் கவனியாமல் விட்டது வருத்தத்துக்குரியது.

சான்றுகள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து திரட்டப்பட்டவை. எங்கள் தெருவில் குடியிருக்கும், கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் ரெக்சின் பை அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் (ஆர்.டி.ஐ.) ஓயாமல் மனுப் போடுவதால் ஊர் அவரை ‘ஆர்.டி.ஐ. சார்’ என்கிறது, பேரூராட்சி ஊழியர்கள் ‘அந்தாளு’ என்கிறார்கள். பைக்குள் முழுநீளத் தாளில் எழுதிய மனுக்களின் நகல்கள், அவற்றோடு குண்டூசியில் குத்திய ஒப்புகை அட்டைகள், ஒட்டாமல் மீந்த பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைகள். அட்டை எதை எடுத்துப் பார்த்தாலும் அலுவலக முத்திரை சரியாகத் தேதியின் மேல்தான் விழுந்திருக்கிறது. தேதி தெரியாவிட்டால் பதிலுக்குச் சட்டம் தரும் முப்பது நாளை எங்கிருந்து எண்ணுவது? தகவல் மறுப்பில் ஊதா மையின் பங்கு தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள்.

வரலாற்றுப் பின்னணி இல்லாமல் ஆய்வேடு ஏது? உலகின் முதல் தகவல் சட்டம் ஸ்வீடனில் 1766இல் வந்தது என்பார்கள். நம்மிடம் அதற்கும் மூத்த சான்று இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), ஊர்ச் சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய மாமனார், மருமகன், அத்தை மகன் என நெருங்கிய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர்கள் என்கின்றன. இன்று அந்த விதியை அமல்படுத்தினால் பல வார்டுகளில் வேட்பாளரே கிடைக்கமாட்டார். யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியவை என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பதினேழு இனங்களைச் சொல்கிறது. உத்திரமேரூர்ச் சபை தன் விதிகளை மண்டபச் சுவரிலேயே வெட்டிவைத்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளில் அந்தப் பக்கம் ஒருநாளும் ‘பராமரிப்பில் உள்ளது’ என்று காட்டியதில்லை.

தமிழ்நாடு 1997இலேயே தனியாக ஒரு தகவல் சட்டம் கொண்டுவந்தது. அதில் விலக்குகள்தான் அதிகம். இப்போதைய மத்தியச் சட்டத்துக்கு உண்மையில் உரம் போட்டவர்கள் ராஜஸ்தான் கிராமத்துக் கூலிக்காரர்கள். தொண்ணூறுகளில் அவர்கள் ஊராட்சியின் கூலி வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலைக் கேட்டு வாங்கி, ஊர் நடுவில் உரக்கப் படிக்கவைத்தார்கள். செத்துப்போனவர்களும் வேலைக்கு வந்து கூலி வாங்கியது அப்போதுதான் தெரிந்தது.

இனி வினா. கேட்பவர் ஒன்றும் அறியாதவர், அறிந்துகொள்ளவே கேட்கிறார் என்று சட்டம் நம்புகிறது. நன்னூல் கணக்கில் இது அறியா வினா. ஆர்.டி.ஐ. சாரின் பையில் அறியா வினா ஒன்றுகூட இல்லை. ‘சிமெண்ட் சாலைப் பணியின் எம்-புக் (அளவுப் புத்தகம்) நகல் தருக’ என்று எழுதுபவர், சாலை எத்தனை அங்குலம் என்று கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார். விடை தெரிந்த வாத்தியார் பையனை எழுப்பி நிறுத்திக் கேட்கும் அறி வினா இது. பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு. அதாவது, போட்ட சாலையிலேயே ஒரு துண்டு கேட்கலாம். எங்கள் ஊரில் அதற்கு மனு தேவைப்படவில்லை; சாலைகள் போகிற வருகிற டூவீலர்களுக்கெல்லாம் தாமாகவே மாதிரி வழங்கிவருகின்றன.

தூய அறியா வினாவைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதாயிற்று. 2011இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மன்றத்துக்கு ஒருவர், ஸாம்பிகள் படையெடுத்து வந்தால் ஊரைக் காக்க என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று தகவல் சட்டத்தின்கீழ் எழுதினார். அவசரகாலத் திட்டத்தில் ஸாம்பிகளைப் பற்றித் தனியாக எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் திட்டத்தின் சில பகுதிகள் அப்போதும் கைகொடுக்கலாம் என்றது மன்றம். கேட்டதற்குப் பதில்! நம் பேரூராட்சியாக இருந்தால் 6(3)ஆம் பிரிவின்படி ஐந்து நாளுக்குள் கால்நடைத் துறைக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கும்.

விடைக்கு வருவோம். எட்டில் முதல் மூன்றான சுட்டு, மறை, நேர் ஆகியவை வெளிப்படையானவை. பின் ஐந்தும் குறிப்பால் பொருள் உணர்த்துபவை. சுட்டு விடை எளிது: ‘தாங்கள் கோரிய விவரம் இணையதளத்தில் உள்ளது.’ மறை விடைக்கு 8(1)(ஜே) என்ற உட்பிரிவு பெரும் துணை. ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகையைக் கேட்டால் அது தனிநபர் தகவல். அந்த உட்பிரிவில் இருந்த நிபந்தனைகளை 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நறுக்கிவிட்டதால், இனி மறுப்பை ஒரே வரியில் முடிக்கலாம், தட்டச்சருக்கு வேலை மிச்சம். நேர் விடை, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி நகல் பெற்றுக்கொள்ளச் சொல்வது. பையின் அடியில் ஒன்று கிடந்தது.

புலமை முழுவதும் பின் ஐந்தில்தான் இருக்கிறது. ‘இதைச் செய்வாயா’ என்றால் ‘நீயே செய்’ என்பது ஏவல் விடை. ‘தாங்கள் அலுவலக வேலைநாளில் நேரில் வந்து கோப்புகளைப் பார்வையிட்டுத் தேவையான விவரங்களைத் தாங்களே குறித்துக்கொள்ளலாம்’ என்ற கடிதத்தை இதற்கு உதாரணமாக இனிப் பாடநூலில் சேர்க்கலாம். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. ஆர்.டி.ஐ. சார் போனார். பீரோ சாவி வைத்திருப்பவர் அன்றைக்கு வரிவசூல் முகாமுக்குப் போயிருந்தார். கட்டணமில்லாத அந்த ஒரு மணி நேரத்தை ஆர்.டி.ஐ. சார் மின்விசிறி இல்லாத பக்கம் போடப்பட்ட நாற்காலியில் பார்வையிட்டார்.

வினா எதிர் வினாதல் எழுத்தில் வராது. என்ன காரணத்துக்காகக் கேட்கிறாய் என்று மனுதாரரைக் கேட்கக் கூடாது என்பது 6(2)ஆம் பிரிவு. ஆகவே அது போனில் வருகிறது: ‘எதுக்கு சார் இதெல்லாம்?’ இன்னும் உயர்ந்த வடிவம் ஆளாகவே வருகிறது. மனு காலையில் அலுவலகம் சேர்ந்தால், சாயங்காலம் ஒப்பந்தக்காரரின் மைத்துனர் புல்லட்டை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிறார்: “நமக்குள்ள எதுக்குண்ணே மனு கினுவெல்லாம்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேன்ல.” பதில் அனுப்ப முப்பது நாள் வேண்டும் என்கிற அலுவலகம், இந்த ஒரு தகவலை மட்டும் அரை நாளில் உரிய இடத்தில் சேர்த்துவிடுகிறது. திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்விக்குறி பற்றி இங்கே ஓர் இடைக்குறிப்பு. கையில் இல்லாத தகவலை அலுவலகம் புதிதாக உண்டாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. அலுவலகங்கள் இதிலிருந்து ஓர் இலக்கண விதியைக் கடைந்தெடுத்தன: ‘தங்கள் மனு வினா வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது.’ எனவே ‘தெருவிளக்கு ஏன் எரியவில்லை?’ என்று எழுதுபவர் கற்றுக்குட்டி. ‘தெருவிளக்குப் புகார்ப் பதிவேட்டின் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான பக்கங்களின் சான்றிட்ட நகல் தருக’ என்று எழுதுபவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

மீதி மூன்றையும் விரித்தால் கட்டுரை தாங்காது. மழைத் தண்ணீர் புகுந்து கோப்பு வீணாகிவிட்டது என்பது உற்றது உரைத்தல். ஆவன செய்யப்படும் என்பது உறுவது கூறல். குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலந்த பதிவேட்டைக் கேட்டவருக்குக் கொசுமருந்து அடித்த பதிவேட்டின் நகல் வந்தது இனமொழி விடை, இரண்டும் மருந்துதானே.

பவணந்தியார் விட்டுவிட்ட ஒன்பதாவது விடை ஒன்று உண்டு. அது மௌனம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற நம் மரபைச் சட்டம் தலைகீழாக்கிவிட்டது. 7(2)ஆம் பிரிவின்படி, முப்பது நாளில் பதில் வராவிட்டால் அது மறுப்பு. மறுத்தால் முதல் மேல்முறையீடு, அதே துறையில் ஒரு படி மேலே உட்கார்ந்திருப்பவரிடம். அங்கும் நடக்காவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் தண்டம் விதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 25,000. அதாவது மௌனத்துக்கு நூறு நாள்தான் கட்டணம். நூற்றோராவது நாளிலிருந்து இலவசம்.

இவ்வளவு பாடுபட்டும் தகவல் வருவதில்லை என்றால் ஏன் மனு போடுகிறார்கள்? இங்கேதான் இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு இருக்கிறது. சட்டம் அறியா வினா என்கிறது, ஆர்.டி.ஐ. சார் அறி வினாவாக எழுதுகிறார், அலுவலகமோ எல்லாவற்றையும் ஏவல் வினாவாகவே படிக்கிறது. ‘விளக்கு எரிகிறதா’ என்று கேட்டால் ‘எரிய வை’ என்று அதற்குக் கேட்கிறது. எனவே விதி இது: வேலை கேட்டு மனு கொடுத்தால் தகவல் வரும், தகவல் கேட்டு மனு கொடுத்தால் வேலை நடக்கும். சாதாரண மனுவில் ‘விளக்குப் போடுங்கள்’ என்று எழுதினால், நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி, மன்றத் தீர்மானம் என்று மூன்று பத்திக்கு அரிய தகவல்கள் கிடைக்கும். விளக்கு மட்டும் கிடைக்காது.

இதை நம் தெருவோடு நிறுத்த வேண்டியதில்லை. டெல்லியின் குடிசைப் பகுதியில் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களை வைத்து பெய்சாகின், பின்டோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். லஞ்சம் கொடுத்தவர்களுக்கு அட்டை முதலில் வந்தது. விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்டவர்களுக்கு அதற்கு அடுத்தபடியாக, அதிகம் பின்தங்காமல் வந்தது. விண்ணப்பத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களில் பெரும்பாலோர் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் தெருமுனை விளக்கும் அப்படித்தான் வந்தது. தண்ணீர்த் தொட்டியோரம் பல மாதம் இருண்டு கிடந்த கம்பத்துக்காக ஆர்.டி.ஐ. சார் புகார்ப் பதிவேட்டின் நகலைக் கேட்டார். நகல் வரவில்லை. ஏணியோடு எலக்ட்ரீஷியன் வந்து புது எல்.இ.டி. மாட்டினார், இரவு பகல் பாராமல் எரிந்தது. ஆர்.டி.ஐ. சாருக்குப் பொறுக்கவில்லை. பகலில் எரியும் விளக்குக்கு ஆகும் மின்கட்டண விவரத்தைக் கேட்டு, வில்லை ஒட்டி, இன்னொரு மனுவை அனுப்பினார். ஒப்புகை அட்டை திரும்பி வருவதற்குள் அதே எலக்ட்ரீஷியன் அதே ஏணியோடு வந்து விளக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.