வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு, லேப்டாப்புக்கு?

பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் சீமையில், ஆத்தூர்ப் பிள்ளை வெப் கிளையன்ட் எழுத உட்கார்ந்தால் முதல் வேலையாக வாசலைத் திறந்து வைக்கிறார்: லைப்ரரிகளை இறக்கித் தரும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளை. கேட்டது சர்வரிலிருந்து தகவல் வாங்கித் தரும் ஒரே ஒரு லைப்ரரி. அது தனக்கு வேண்டியவற்றை இழுத்து வர, அவை தமக்கு வேண்டியவற்றை இழுத்து வர, ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டர் நிரம்பிவிடுகிறது. உள்ளே வந்தவர்கள் யார் என்று கேட்பது மரியாதை இல்லை போலும். 2016 மார்ச்சில் அஸெர் கொச்சுலு என்பவர் கோபித்துக்கொண்டு தன் ‘லெஃப்ட் பேட்’ லைப்ரரியை அங்கிருந்து எடுத்துவிட்டார். மொத்தம் 11 வரி. எழுத்துக்கு இடப்பக்கம் இடத்தை நிரப்புவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. அதற்கே பேபல், ரியாக்ட் பில்டுகள் உலகெங்கும் படுத்துவிட்டன. 2018-ல் ‘ஈவென்ட் ஸ்ட்ரீம்’ லைப்ரரியின் கதை இன்னும் அழகு. பராமரித்தவர் அலுத்துப்போய், முகம் தெரியாத ஒருவர் கேட்டதும் பொறுப்பைக் கொடுத்துவிட, புதியவர் பிட்காயின் பர்ஸில் கைவைக்கும் நிரலைச் சொருகிவிட்டார்.

எல்லாவற்றையும் நாமே எழுதினால் புராஜெக்ட் எப்போது முடியும் என்பார்கள். நியாயம்தான், மறையாக்கத்தைச் சொந்தமாக எழுதப் போனால் வம்புதான். ஆனால் தகவல் வாங்கித் தரும் ‘ஃபெட்ச்’ 2015 முதலே குரோமில் இருக்கிறது. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், 2022-ல் வந்த அதன் 18-ஆம் பதிப்பிலும் கூடவே வருகிறது. இதே வேலைக்கு ஊரெல்லாம் நம்பியிருந்த ‘ரிக்வெஸ்ட்’ லைப்ரரிக்கு 2020-ல் அதை நடத்தியவர்களே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பதிப்பு எண்களைக் குறித்து வைக்கும் ‘பேக்கேஜ் லாக்’ கோப்பு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். வந்தவர் மாறாமல் அது பார்த்துக்கொள்ளும். வந்தவர் யோக்கியரா என்று பார்க்காது. என்டர் தட்டும் முன், கேட்கும் சாமான் பிரவுசரிலேயே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், தம்பி.