பாஸ் வருவார்

1848 மாத்தளைக் கலகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனம் அதில் இல்லை. கதவு செய்யும் தச்சு பாஸ் நேற்றும் வரவில்லை. நிலை மட்டும் நிற்கிறது, கதவு இல்லை. தகரத்தைச் சாத்திவிட்டுத் தூங்குகிறோம்.

நேற்றைய காரணம், மச்சினன் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. அந்தப் பிள்ளைக்குப் போன வருஷமே முடிந்துவிட்டதே! பாஸின் குடும்ப விவரம் கிராம சேவகரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மூத்த மகள் கட்டுநாயக்கா கார்மெண்டில். அவள் லீவில் வந்தால் வேலை இல்லை. திரும்பிப் போகும்போது பஸ் ஏற்றிவிட வேண்டும், அன்றும் வேலை இல்லை. மகன் கொரியா போகப் பாஷைப் பரீட்சை எழுதினான். பரீட்சை மகனுக்கு, லீவு அப்பாவுக்கு. தம்புள்ளை மாமியாருக்கு அடிக்கடி கடைசி நேரம் வரும். ஒவ்வொரு தடவையும் பிழைத்துவிடுவார். நல்ல மனுஷி, நூறு வயது இருக்கட்டும். ஆனால் அடுத்த தடவை நானே போய்ப் பார்ப்பேன். தம்பி வீட்டுத் தானம், தங்கச்சி வீட்டுத் தானம், தங்கச்சியின் மாமனாருக்கு மூன்று மாதத் தானம்...

கலகத்துக்கு வருகிறேன். அதன் தலைவர்களில் ஒருவரான பூரன் அப்பு மொரட்டுவைக்காரர். தச்சர்கள் ஊர். அவர் அந்தத் தொழிலுக்குப் போகாதது நல்லதாயிற்று. போயிருந்தால் கலகம் 1849க்குத் தள்ளிப்போயிருக்கும்.

பாஸ் வந்தாலும் வேலை நடக்காது. பழைய ஆர்மிக்காரர். தேத்தண்ணி வைத்ததும் 1997 மே மாதம் தொடங்கிவிடும்: ஜயசிக்குறு, வவுனியாவுக்கு வடக்கே ஏ9 பாதையைத் திறக்கும் நடவடிக்கை. கதவுக்கு வைத்த பலாப் பலகைதான் வன்னி. உளி புளியங்குளம், இழைப்புளி மாங்குளம். பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி வெட்டிய மரம் ஐயா அது!

ஒருநாள் பாதியில் நிறுத்தி, "சேருட ஆக்கள் யாரும் அந்தப் பக்கம்?" என்றார். "சித்தி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போனவ" என்றேன். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு இருட்டும்வரை பலகை இழைத்தார். சித்தியை அடிக்கடி இழுக்கலாமா என்று எனக்கு ஒரு கெட்ட யோசனை.

ஜயசிக்குறுவை 1998 டிசம்பரில் கைவிட்டார்கள். பாதை திறந்தது 2002இல், நோர்வே நடுவில் நின்று உடன்பாடு எழுதிய பிறகு. அதே ஏ9தான் கண்டியிலிருந்து மாத்தளை வழியாக என் வாசலைத் தாண்டிப் போகிறது. நானும் நோர்வேக்காரரைக் கூப்பிடலாம். ஆனால் வந்ததும் அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்பார்கள். அதை இன்னும் வீட்டுக்காரியிடமே சொல்லவில்லை.