பத்து சென்ட் பகீரதர்

டெக்சாஸில் என் பக்கத்து வீட்டுக்காரரைப் போன்ற சிக்கனக்காரரை நான் கண்டதில்லை. வாரம் ஒருநாள் துப்பாக்கி சுடும் களத்துக்குப் போவார். 25 தோட்டா சுடுவார். காசு இப்படிக் கரியாகிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. தோட்டாவில் விலை கூடிய உறுப்பு பித்தளைக் கூடுதான். சுட்ட பிறகும் அது தரையில் முழுசாகக் கிடக்கிறது. பொறுக்கி வந்து, அடியில் புதிதாகப் பொட்டு பதித்து, மருந்து அளந்து போட்டு, வாயில் ஒரு குண்டை வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டா. வேண்டியது ஒரு பிரஸ், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத் தேர்ந்தெடுக்க 14 மாதம் எடுத்துக்கொண்டார். எதிலும் அவசரப்படாத மனிதர்.

முதலில் அவர் ஒதுக்கியது மலிவானதை. ரிச்சர்ட் லீ என்ற அமெரிக்கர் 1958இல் ஒரு சின்னப் பெட்டியை விற்க ஆரம்பித்தார். பிரஸ்ஸே வேண்டாம், ஒரு சுத்தியல் இருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே தோட்டா கட்டிவிடலாம். மாதம் 100 சுடுகிறவருக்கு இது போதாதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பணத்தை மிச்சம் பிடிக்க இறங்கியவன் விலை குறைந்த சாமானைத் தொடக் கூடாது என்ற பாடம் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

அடுத்தது ஒற்றை அச்சு பிரஸ். நம் இடியாப்ப உரலுக்கு ஒன்றுவிட்ட தம்பி: ஒரு கைப்பிடி, ஓர் அச்சு, ஒரு நேரத்தில் ஒரே வேலை. 100 கூட்டையும் சீராக்கிய பிறகு அச்சை மாற்றி, அதே 100க்கும் அடுத்த வேலை. ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் ராக் சக்கர் இந்த ஜாதியில் பேர்போனது. கலிபோர்னியாவின் ஓரோவில்லில் 1943இல் தொடங்கிய கம்பெனி (நம் ஆரோவில் இல்லை; அங்கே இதை மாட்டினால் யார் தியானத்தில் உட்காருவது?). ராக் சக் என்பது அமெரிக்க மேற்கில் பாறை இடுக்கில் வாழும், கொழுத்த அணில் மாதிரியான ஒரு பிராணி. அதைச் சுடுவதற்குக் குண்டு செய்யப் போய்ப் பிறந்த பெயர் அது. வாங்கினால் பேரன் காலம் வரை உழைக்கும். அதுதான் நண்பருக்குப் பிடிக்கவில்லை. மறுபடி ஒன்று வாங்கக் காரணமே இல்லாமல் போய்விடுமே!

அச்சுகளை வட்டத் தட்டில் வரிசையாக மாட்டி, தட்டைத் திருப்பித் திருப்பி வேலை வாங்கும் டரட் பிரஸ்ஸுக்கு அவர் இரண்டு மாதம் கொடுத்தார். கடைசியில் மனம் போய் நின்றது புரோகிரசிவ் பிரஸ்ஸில். எல்லா வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வந்து விழும். நீலமா, சிவப்பா என்ற கேள்வி மட்டும் பாக்கி. டில்லன் என்றால் நீலம், ஹார்னடி என்றால் சிவப்பு, ஆர்.சி.பி.எஸ். என்றால் பச்சை. கோயில் யானைக்கு எந்த நாமம் என்று காஞ்சிபுரத்தில் வழக்காடியவர்கள் இந்த வண்ணச் சண்டையைப் பார்த்திருந்தால், வெட்கப்பட்டு அன்றைக்கே ராசியாகியிருப்பார்கள். நண்பர் நீலத்தில் ஐக்கியமானார். கூடுகளைத் தானே எடுத்துக் கொடுக்கும் மோட்டாரும் வாங்கினார். அது தனி விலை.

இந்த வகை எந்திரம் மணிக்கு 500 தோட்டா சாதாரணமாகக் கட்டும். நண்பரின் தேவை மாதத்துக்கு 100. ஆகவே மாதத்தில் 12 நிமிடம் உழைத்துவிட்டு மீதி நேரம் அது ஓய்வெடுக்கலாம். தொழிலாளியிடம் இவ்வளவு கருணை காட்டும் முதலாளியை எங்கே பார்க்க முடியும்?

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு தோட்டாவுக்கு 10 சென்ட் மிச்சம் என்று வையுங்கள். பிரஸ், அச்சுகள், மருந்து நிறுக்கும் தராசு, ஆடாத மேசை, பித்தளையைப் பளபளப்பாக்கும் உருளை, தப்பாகக் கட்டிய தோட்டாவைப் பிரித்தெடுக்க ஒரு தனிச் சுத்தியல், எல்லாம் சேர்த்து 1,000 டாலர் என்று வையுங்கள். (அவர் மனைவி இந்த வரியைப் படித்தால் சிரிப்பார்.) 10,000 தோட்டா கட்டினால் முதல் திரும்பிவிடும். மாதம் 100 வீதம் 8 வருடம் 4 மாதம். பகீரதன் கங்கைக்காகத் தவம் கிடந்தான் என்கிறோம். இவர் பத்து சென்டுக்காகக் கிடக்கிறார். லாபத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் அவருக்குச் சட்டம் துணை நிற்கிறது: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்ட மத்திய அரசின் உரிமம் வேண்டாம்; விற்பதற்காகக் கட்டினால் வேண்டும்.

அவருடைய தைரியத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு கூட்டில் மருந்து விழாமல் போனால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி போச்சு. இரண்டு மடங்கு விழுந்தால் கையும் போகலாம். கைப்பிடியின் முன் உட்கார்ந்தவன் வேறெதையும் பார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நண்பர் மேசைக்கு எதிரே பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறார். மருந்து டப்பாக்களுக்கு அவர் கொடுத்திருக்கும் இடமும் தோதானது: ஒரு பக்கம் கேஸில் எரியும் வெந்நீர்க் கொதிகலன், மறுபக்கம் புல்வெட்டும் எந்திரத்தின் பெட்ரோல் கேன். மூன்றும் ஒற்றுமையாக இருக்கின்றன. அந்தக் காரேஜுக்கும் எங்கள் படுக்கையறைக்கும் நடுவே ஒரு மரவேலி. ஊரில் அம்மாவிடம் அவரைப் பற்றி நான் பெருமையாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் எந்திரத்தைக் காட்டக் கூப்பிட்டார். எண்ணெய் பூசி, துணியால் துடைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. கைப்பிடி உருண்டையில் விரல் ரேகைகூட இல்லை. தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து அசந்துபோய்ப் புகழ்ந்த ஔவையார் இங்கே வந்திருந்தால், பாட்டை இன்னும் நீட்டியிருப்பார். எனக்குப் பாட வராது. "பிரமாதம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இதுவரை எத்தனை கட்டினீர்கள் என்று கேட்டேன். அறுபத்து மூன்றாம். அதில் பதினொன்றைச் சுத்தியலால் பிரித்துவிட்டாராம்.

சனிக்கிழமை களத்துக்குப் போகும் வழியில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். கடை வாசலில் நிறுத்தி, உள்ளே போய், ஐம்பது தோட்டா அடங்கிய கம்பெனி டப்பா இரண்டு வாங்கிவந்தார். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.