ஒளிக்கு ஒளியே ஒற்றன்

கேள்வி: சில ஃபெம்டோ நொடிகளில் முடிந்துபோகும் ஒளித்துடிப்பை ஒரு சில்லு எப்படி அளக்கும்?

பதில்: ஒரு ஃபெம்டோ நொடியில் ஒளியே 0.3 மைக்ரான்தான் நகரும். டிரான்சிஸ்டர் எந்த மூலைக்கு! அதனால் 2021-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழுவினர் ஒளியை வேவு பார்க்க ஒளியையே அனுப்பினார்கள். சில்லின் மேல் கூர்முனை கொண்ட தங்க நானோ ஆன்டெனாக்கள். அவற்றின் முனைகளுக்கு நடுவே சில பத்து நானோமீட்டர் இடைவெளி. வலுவான துடிப்பு ஒன்று முனையிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கி அந்த இடைவெளியைத் தாண்ட வைக்கும். அதுவும் ஒரு ஃபெம்டோ நொடிக்கும் குறைவான நேரத்துக்கே. கூடவே வரும் நலிந்த துடிப்பு அந்த மின்னோட்டத்தைத் துளி கூட்டும், துளி குறைக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தாமதத்தை மாற்றி மாற்றி மின்னோட்டத்தை அளந்தால், நலிந்த அலையின் ஏற்ற இறக்கம் அப்படியே கோடாக விழுந்துவிடும். இவ்வளவு நுட்பமான அளவீட்டுக்கு முன்பு பெரும்பாலும் வெற்றிடக் கலன்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இதுவோ நாம் மூச்சு விடும் காற்றிலேயே நடக்கிறது. என்னை அசத்தியது அதுதான்!