பழசு உனக்கு இல்லை, மச்சான்

சிங்கப்பூர்,
24.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஆண்டிமடத்தில் மழை விடவில்லை, உன் ஸ்டுடியோ வாசலில் தண்ணீர் நிற்கிறது என்று உன் தங்கச்சி சொன்னாள். இங்கேயும் மழைக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டு வாசலிலிருந்து ரயிலடி வரைக்கும் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். நனைய வேண்டுமென்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

நீ அனுப்பிய வீடியோக்கள் எல்லாம் வந்தன. தீபாவளிக்குக்கூட ஒற்றை வரியில் வாழ்த்து அனுப்பியவன், ஒரு ப்ராசசருக்காக இத்தனை அனுப்புகிறாயே என்று யோசித்தேன். கடைசி வரியில் காரணம் இருந்தது: 'நீ மாத்துனா பழசை நம்ம ஸ்டுடியோவுக்குக் குடு.'

சரி, பார்த்துவிடுவோம் என்று தேக்காவில் காய்கறி வாங்கிய பையோடு சிம் லிம் ஸ்கொயருக்கு நடந்தேன். ஆறு மாடியும் கம்ப்யூட்டரும் கேமராவும்தான். கடைக்குக் கடை விலைப்பட்டியல் தாள். உள்ளூர்க்காரர்கள் அதில் விலையைப் பார்க்கிறார்கள், நான் பெருக்கல் கணக்குப் போடுகிறேன். டாலரை ரூபாயாக்காமல் எதையும் வாங்கத் தெரியாத வியாதி இத்தனை வருஷமாகியும் தீரவில்லை.

நீ சொன்ன ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி இந்த மாதம் 7ஆம் தேதி வெளியானது. அமெரிக்க விலை 479 டாலர். வந்த வேகத்தில் பல நாடுகளில் தீர்ந்தும்போனது. கெட்டிக்காரச் சரக்குதான், மறுக்கவில்லை. முன்பெல்லாம் கூடுதல் கேச் நினைவகத்தைக் கோர்களின் தலைமேல் அடுக்கினார்கள். சூடு வெளியேற வழியில்லாமல் தவித்தது. இந்தத் தடவை அதைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். சூடு நேராகக் கூலருக்குப் போய்விடுகிறது. மொத்தம் 96 எம்பி எல்3 கேச். என் ரைசன் 5 3600இல் இருப்பது 32.

ஆனால் அந்தக் கேச் பெருமையெல்லாம் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவனுக்கு, மச்சான். நான் வெட்டி ஒட்டுவது வளைகாப்பு வீடியோ. அதற்கு வேண்டியது கோர்களின் எண்ணிக்கை. அதோடு ப்ராசசரை மட்டும் வாங்கி என் மதர்போர்டில் சொருகிவிட முடியாது. என்னுடையது ஏஎம்4 சாக்கெட், புதியது ஏஎம்5. போர்டு மாற்ற வேண்டும், டிடிஆர்4 ரேமைக் கழற்றிவிட்டு டிடிஆர்5 போட வேண்டும், அந்தச் சூட்டுக்குத் தக்க கூலரும் வேண்டும். எல்லாம் சேர்ந்த பில்லை மனசுக்குள் ரூபாயாக்கினேன். கையிலிருந்த முருங்கைக்காய் கனத்தது.

போர்டை மாற்றாமலும் வழி இருக்கிறது. 2020இல் வந்த 12 கோர் 5900எக்ஸ் என் பழைய போர்டிலேயே உட்காரும், பயாஸை மட்டும் புதுப்பித்தால் போதும். கிழட்டு முந்திரியைத் தோண்டிப் போடாமல், வெட்டிவிட்டு அதே அடிமரத்தில் ஒட்டுக் கட்டுகிறோமே, அந்தக் கதைதான்.

இதையும் வீட்டில் சொன்னேன். உன் தங்கச்சி தோசைக் கரண்டியோடு வந்து, "உங்க கம்ப்யூட்டர் எதுக்காகக் காத்துக்கிட்டிருக்குன்னு முதல்ல பாருங்க" என்றாள். கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பவளிடம் வாயைக் கொடுக்கலாமா? ஒரு கல்யாண வீடியோவைத் திறந்துவைத்து டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். ப்ராசசர் முக்கால்வாசி சும்மா இருக்கிறது. ரேம் 16 ஜிபியும் நிரம்பி வழிகிறது. வீடியோக்கள் கிடக்கும் பழைய ஹார்டு டிஸ்க் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்குகிறது. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் ப்ராசசர் வியர்க்கிறது. அந்த நேரம் நான் எப்படியும் சாப்பிடப் போய்விடுவேன்.

ஆகவே தீர்ப்பு: ஒரு எஸ்எஸ்டி, 32 ஜிபி ரேம். இரண்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஏஎம்5 எங்கேயும் ஓடிவிடாது. 2027 வரைக்குமாவது அந்தச் சாக்கெட்டுக்குப் புதுப் ப்ராசசர் வரும் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. இதே சரக்கு விலை இறங்கட்டும்.

ஆக, 3600 இங்கேயேதான் இருக்கும். மனசை உடைத்துக்கொள்ளாதே. என் போர்டில் ரேமுக்கு இரண்டே இடம் என்பதால் பழைய 8 ஜிபி துண்டுகள் இரண்டையும் கழற்றியாக வேண்டும், அவை உனக்கு. பொங்கலுக்கு வரும்போது எடுத்துவருகிறேன். உன் போர்டு டிடிஆர்4தானா என்று மட்டும் இப்போதே பார்த்துச் சொல். பதிலுக்கு இரண்டு கிலோ முந்திரிப் பருப்பு எடுத்துவை, முழுப் பருப்பாக. போன தடவை நீ கட்டிக்கொடுத்தது முழுக்க உடைசல். அதை உன் தங்கச்சி இன்னும் என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் மச்சான்