இருநூறு வயது எந்திரம்

கேள்வி: எந்திரத்தைக் கண்டு பயந்து அடித்து நொறுக்கிய இங்கிலாந்தின் லுட்டைட்டுகள் முன்னேற்றத்தின் எதிரிகள்தானே?

பதில்: பயந்தார்கள் என்றால் ரொம்பத் தாமதமாகப் பயந்திருக்கிறார்கள்! 1811-ல் நாட்டிங்காம்ஷயரில் அவர்கள் உடைத்த காலுறைத் தறியை வில்லியம் லீ உருவாக்கியது 1589-ல். பல தலைமுறைக்குச் சோறு போட்ட தறி அது. கண்ணில் பட்டதையெல்லாம் அவர்கள் உடைக்கவும் இல்லை. கூலியைக் குறைத்த முதலாளிகளின் தறிகள், அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, சீக்கிரமே தையல் பிரிந்துபோகும் மட்டச் சரக்கைத் தள்ளிவிட்டவர்களின் தறிகள், இவைதான் குறி. நியாயமான கூலி கொடுத்தவரின் தறி தப்பித்தது. சங்கம் வைத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். 1799, 1800-ல் வந்த சட்டங்கள் அதையே குற்றமாக்கியிருந்தன.

யார்க்‌ஷயரில் உடைத்தது புது எந்திரங்களைத்தானே என்று மடக்கலாம். உண்மைதான். கம்பளித் துணியின் மேல்மயிரைக் கத்தரித்துப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடித்த எந்திரம் அது. ஆனால் அவர்களும் முதலில் போனது நாடாளுமன்றத்துக்குத்தான். இருக்கிற பாதுகாப்புச் சட்டங்களை அமல்படுத்துங்கள் என்று கேட்டார்கள். 1809-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டங்களையே ரத்து செய்து உதவியது! அப்புறம்தான் சம்மட்டி. அதற்கு 'ஏனோக்' என்று பெயர். மார்ஸ்டன் கொல்லர் ஏனோக் டெய்லரின் பெயர் அது. எந்திரமும் அவர் பட்டறைச் சரக்கு, சம்மட்டியும் அவர் பட்டறைச் சரக்கு என்பார்கள். யார் ஜெயித்தாலும் அவருக்கு வியாபாரம். தறி உடைத்தால் தூக்கு என்று 1812-ல் மசோதா வந்தபோது பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசினார் பைரன். கவிஞர் பேசி எந்தச் சபை கேட்டிருக்கிறது? மசோதா நிறைவேறியது.